வைத்திய மகமை

கல்மண்டபம், இராயபுரம்.
திங்கட்கிழமை காலை.

அன்பு மகள் ராமசெல்விக்கு,

எட்டு மாதம் பேசாமல் இருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடும்போதெல்லாம் போனை உன் அம்மாவிடம் நீட்டிவிட்டு நான் கடைக்குள் போய்விட்டேனே தவிர, நீ என்ன பேசுகிறாய் என்று கேட்காமல் இருந்ததில்லை. பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு உன் சளி, உன் ஆஸ்பத்திரி வேலை, உன் அறைத்தோழி உப்பில்லாமல் அவிக்கும் உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஜெர்மனிக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், கடை சுகம். அடுத்து உன் அம்மாவும் சுகம் என்று எழுதுவது வழக்கம், அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. பயப்படாதே, கடைசிவரை வாசி, நடுவில் எழுந்து போனை எடுக்காதே. சொல்லப்போவது நல்லதும் கெட்டதும் கலந்த செய்தி, நல்லதுதான் பெரிது, அது நடந்த விதத்தை நினைத்தால் நேற்று மாலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஐம்பத்தாறு வயதில், பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய மாணவனைப் போலக் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். நம் லோகநாதன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னா அண்ணாச்சி, காலைலேயே கால்ல சக்கரம் கட்டிகினு கீற" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

நமக்குள் பேச்சு நின்றது எதனால் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய், நான் மறக்கிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். போன சித்திரையில் நம் வியாபாரிகள் சங்கத்தின் தலைவரான உன் சுயம்பு மாமா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கடைத்தெருவில் உள்ள நூற்றுப் பதினெட்டுக் கடைகளும் சேர்ந்து ஒரே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், முதலாளி குடும்பம், கடையில் வேலை செய்கிறவர் குடும்பம் எல்லோரும் அதில் வர வேண்டும், ஒருவர்கூட விலகக் கூடாது, கட்டாயம். அந்தக் கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னிடம் போனில் சொன்னபோது நீ மாமா பக்கம் சாய்ந்தாய். ஜெர்மனியில் காப்பீடு இல்லாமல் ஒருவர்கூட இருக்கச் சட்டம் விடாது, அங்கே யாரும் அதை அடிமைத்தனமாக நினைப்பதில்லை என்றாய். நான் முக்கால் மணி நேரம் பதில் சொன்னேன். கடைசியில் நீ, "அப்பா, உங்க பிடிவாதத்துக்கு அம்மாதான் பிரீமியம் கட்டிக்கிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அந்த ஒரு வாக்கியம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. விளையாட்டாகத்தான் சொன்னாய், உனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. அது எவ்வளவு உண்மை என்று எனக்குப் போன வியாழக்கிழமைதான் தெரிந்தது.

உன் மாமா எதைச் சொன்னாலும் நான் எதிர்ப்பேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுக்கவில்லை, காரணம் இருக்கிறது. எம்.ஏ. பொருளாதாரம் முடித்து விரிவுரையாளர் வேலைக்கான உத்தரவு கையில் இருந்த வாரத்தில், கல்யாணப் பேச்சுக்கு வந்த இடத்தில், "வாத்தியார் சம்பளம் எங்க தங்கச்சிக்குப் பூ வாங்கக் காணாது" என்று சொல்லி என்னை இந்தப் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்தவர் அவர். சங்கக் கட்டடத்துக்கு அனுமதி வாங்க இரண்டு வருடம் மனு எழுதியவன் நான், திறப்பு விழாக் கல்வெட்டில் முப்பத்தொரு பெயர் இருக்கிறது, சாமியானா போட்டவன் பெயர்கூட இருக்கிறது, என் பெயர் இல்லை. ஆகவே தீர்மானம் வந்த மறுநாளே சொந்தச் செலவில் நோட்டீஸ் அடித்தேன், பன்னிரண்டு கேள்விகள். தன் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று சங்கம் ஒருவனைக் கட்டாயப்படுத்தலாமா என்பது முதல் கேள்வி. அரசாங்கத்தின் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிற வியாசர்பாடித் தொழிலாளிக்கு இரண்டாவதாக ஒன்று எதற்கு, வாங்கும்போது பல்லைக் காட்டுகிற கம்பெனி கொடுக்கும்போது முத்திரை சாய்ந்திருக்கிறது என்று தாளைத் திருப்பி அனுப்பாதா, இப்படிப் போயின மற்றவை. என்னுடைய பெரிய ஆயுதம் கருவாட்டுக் கடை சீனியம்மாள். எழுபத்திரண்டு வயது, உடம்பில் ஒரு ஊசி ஏறியதில்லை, காலை நாலு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போகிறவள். ஒரு நாளும் படுக்காத சீனியம்மாள், படுக்கப்போகிறவனுக்காக ஏன் பணம் கட்ட வேண்டும் என்று நான் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அந்தக் கிழவியே என் கூட்டங்களில் எழுந்து நின்று, "ஆமா, நான் என்ன கேனச்சியா" என்று கை தட்டுவாள். பிளாஸ்டிக் குடம் விற்கிற ரகுபதி எனக்கு வலது கை, நான் எழுத அவன் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். எட்டு மாதம் தீர்மானத்தை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தோம். அந்தக் கேள்விகளில் பாதி இன்றைக்கும் சரிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். எதிர்ப்பு இருந்தாலும், சம்மதக் கையெழுத்தைக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, உன் மாமா விண்ணப்பப் படிவங்களை எல்லாக் கடைகளுக்கும் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தார், நம் கடைக்கு வந்ததை நான் கல்லாவுக்குக் கீழே போட்டுவிட்டேன். மொத்தமும் கம்பெனிக்குப் போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. கம்பெனி ஏஜென்ட் ஜெனிஷ், நாகர்கோவில் பக்கத்துப் பையன், வியர்த்து வழிய என்னிடம் ஓடி வந்தான். "அண்ணாச்சி, நீங்க எதிர்க்கட்சின்னு தெரியும், ஆனா இத ஒழுங்கா எழுத உங்கள விட்டா இங்க யாரு இருக்கா, கொஞ்சம் பாத்துத் தாங்க" என்றான். என்ன என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் என்று ஒரு கட்டம். நம் ஆட்கள் இல்லை என்ற சொல்லை எழுதுவார்களா? அரிசி தீர்ந்தால்கூட நிறைஞ்சிருக்கு என்றுதானே சொல்வோம், உப்பு தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு, வியாபாரி வாயால் இல்லை என்று சொன்னால் வந்த லட்சுமி போய்விடுவாள். ஆகவே நூற்றுக்கு மேற்பட்ட கடைக்காரர்கள், மேலே பிள்ளையார் சுழி போட்டு, மூலையில் மஞ்சள் தடவி, நோய்கள் என்ற கட்டத்தில் நிறைய என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் நிறைஞ்சிருக்கு. ஒருவர் மேன்மேலும் பெருகுக என்று எழுதியிருந்தார். கம்பெனிக்காரன், இந்தக் கடைத்தெரு முழுக்க நோயாளிகள் போலிருக்கிறது, என்னென்ன நோய் என்று தனித்தனியாக விளக்குங்கள் என்று கேட்டிருக்கிறான்.

ஒவ்வொன்றாக எடுத்து அடித்துத் திருத்திக்கொண்டே வந்தேன், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன். எண்பதோ தொண்ணூறோ தாண்டியபோது நம் கடையின் பெயர் போட்ட படிவம் வந்தது. நான் தூக்கிப் போட்ட அதே தாள். உன் அம்மாவின் கையெழுத்து, எட்டாம் வகுப்புக்காரியின் உருண்டை உருண்டையான எழுத்து. எனக்குத் தெரியாமல் எடுத்து நிரப்பி அண்ணனிடம் கொடுத்திருக்கிறாள் என்று ஆத்திரம் வந்தது, இதிலும் நிறைய என்றுதான் இருக்கும் என்று கட்டத்தைப் பார்த்தேன். இருதய வால்வு சுருக்கம், ஒரு வருடமாக, என்று எழுதியிருந்தாள். நூற்றுப் பதினெட்டுப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தது அது ஒன்றுதான். செல்வி, நீ நர்ஸ், அந்த வார்த்தைகள் உனக்கு எனக்கு முன்னால் புரியும். நான் மூன்று முறை வாசித்தேன். மாடிப்படி ஏறும்போது அவள் பாதியில் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்வதைப் பார்த்திருக்கிறேன், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை இன்றைக்கு அதிகம் என்பாள், நானும் ஆமாம் என்று மாநகராட்சியைத் திட்டிவிட்டு மேலே போய்விடுவேன்.

நேராக உன் மாமா கடைக்குப் போனேன். படிவத்தை அவர் மேசையில் வைத்து, இது என்ன மச்சான் என்று கேட்டேன். அந்த மனிதர் முகம் தொங்கிவிட்டது. கடைப் பையன்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுச் சொன்னார். போன வருடம் சங்கம் நடத்திய இலவச முகாமில் ஸ்கேன் எடுத்தபோது தெரிந்ததாம். அவசரம் இல்லை, ஆனால் வரும் சித்திரை வைகாசியைத் தாண்டவிடாமல் ஆபரேஷன் செய்து வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தனியாகக் காப்பீடு எடுக்கப் போனால் இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் கழித்துத்தான் தருவார்களாம். எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தால்தான், ஒரு கடையும் விலகாமல் சேர்ந்தால்தான், முதல் நாளிலிருந்தே இருக்கிற நோய்க்கும் சேர்த்துத் தருவார்கள். நோயாளி மட்டும் சேர்ந்து ஆரோக்கியமானவன் வெளியே நின்றால் எந்தக் கம்பெனியும் தாங்காது, பொருளாதாரம் படித்த எனக்கு இது தெரியாதா, தெரிந்துதான் நோட்டீஸில் எழுதாமல் விட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "எப்படிச் சொல்ல மாப்பிள்ளை? சொன்னா நீரு மறுநாளே கடையை விக்க ஆள் பாப்பீரு, எங்கிட்ட மட்டும் வந்து நிக்க மாட்டீரு. அவ தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. அதான் ஊருக்கெல்லாம் சேத்து ஒரு வழி பாத்தேன். நீரு எட்டு மாசமா என்னக் கம்பெனி புரோக்கர்னு நோட்டீஸ் அடிச்சீரு, அதையும் வாங்கிக்கிட்டேன்" என்றார். அவருக்கு நன்றி சொன்னேன் என்று நினைக்காதே, கல்வெட்டு விஷயம் வேறு, இது வேறு. ஆனால் எழுந்து வரும்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். "பேசும். ஆனா என் தங்கச்சி தங்கபுஷ்பம் பேரு உம்ம வாயில வரக் கூடாது. நாலு பேரு பாவம்னு பாத்தா அவ அன்னைக்கே செத்துருவா" என்றார். அது எனக்கும் தெரியும்.

நேற்று மாலை நாலு மணிக்குக் கூட்டம். சங்கத்து மண்டபத்தில் இடமில்லை, வேலை செய்கிறவர்களையும் சேர்க்கிற திட்டம் என்பதால் அவர்களையும் அழைத்திருந்தார்கள், லோகநாதனும் கூட்டாளிகளும் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, ஜன்னலைச் சாத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தோம். உன் மாமா தீர்மானத்தை வாசித்தார். ரகுபதி எழுந்து, "எங்க பக்கத்துக்கு எம்.ஏ. அண்ணாச்சி பேசுவாரு" என்று கை தட்டினான், பாதி மண்டபம் தட்டியது. நான் எழுந்து, தீர்மானத்தை ஆதரிக்கிறேன் என்றேன். ரகுபதி மெதுவாக, "அண்ணாச்சி, பேப்பரை மாத்தி எடுத்துட்டு வந்துட்டியளா?" என்று கேட்டான். சிரிப்பு கூரையைத் தூக்கியது. மாற்றி எடுக்கவில்லை, மனசைத்தான் மாற்றிக்கொண்டேன் என்றேன். "எட்டு மாசமா என்னைத் தெருத்தெருவா நோட்டீஸ் குடுக்க வச்சிட்டு, இப்ப சுயம்பு அண்ணாச்சி எவ்வளவு குடுத்தாருன்னு சபையில சொல்லிரும்" என்று கத்தினான். பின்னால் இருந்து லோகநாதன், "இன்னா அண்ணாச்சி, கட்டாயம் கூடாதுன்னு எங்க காதெல்லாம் கிழிச்ச, இப்போ பல்டி அட்ச்சா இன்னா அர்த்தம்?" என்றான். செல்வி, ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லார் வாயும் அடைந்துவிடும், அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. உன் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை விழுங்கினேன். பச்சோந்தி என்றார்கள், விலைபோனவன் என்றார்கள், நின்றுகொண்டிருந்தேன். யாராவது ஒரு சொல் சொன்னால் இருபது வருடம் மனதில் வைத்திருக்கிற உன் அப்பா, முந்நூறு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

காரணத்தைச் சொல்ல முடியாது, ஆனால் வாதத்தைச் சொல்லலாமே. அப்போதுதான் அது எனக்குள் வந்தது, முன்கூட்டி எழுதி வைத்தது இல்லை, எங்கிருந்தோ வந்தது. இந்தக் கட்டாயம் என்ற சொல்லை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை, அதை அடித்துவிடுங்கள் என்றேன். காப்பீடு என்ற சொல்லையும் அடியுங்கள், அது கம்பெனிக்காரன் சொல். நம் பாட்டன்மார் தெற்கே சந்தையில் கடை போட்ட காலத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைத்தார்களே, மகமை, அதைக் கொடுக்கிறாயா என்று யாரிடமாவது கேட்டார்களா? மூட்டை கடைக்குள் வரும் முன்னே அது போய்விடும். பிள்ளையில்லாதவன் மகமையில் பள்ளிக்கூடம் கட்டினார்கள், கோயிலுக்குப் போகாதவன் மகமையில் தேர் ஓடியது, எனக்குப் பிள்ளை இல்லையே நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டவன் கடையில் மறுநாள் ஒருவன் சரக்கு வாங்க மாட்டான். இதைவிடப் பெரிய கட்டாயம் உலகத்தில் உண்டா? அந்தக் கட்டாயத்தில் கட்டிய பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் நான் எம்.ஏ. ஆனேன், அந்த எம்.ஏ.வை வைத்துத்தான் எட்டு மாதம் கட்டாயம் கூடாது என்று நோட்டீஸ் எழுதினேன். இதை வைத்திய மகமை என்று எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது என்றேன்.

முதலில் எழுந்தது சீனியம்மாள். "ஏலே எம்.ஏ., மகமைன்னா அத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானல! எங்க அய்யா காலத்துல இருந்து கருவாட்டுக் கூடைக்கு ஒரு கை எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். இவனுவ இங்கிலீசுல பாரம் குடுத்து நோய் இருக்கா நோய் இருக்கான்னு கேட்டா யாரு போடுவா?" என்றாள். இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது லோகநாதன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். அவன் இவ்வளவு முன்னால் வந்து நான் பார்த்ததில்லை. "அதெல்லாம் சரி அண்ணாச்சி. அந்த மகமைல கட்ன பள்ளிக்கூடத்துல எங்க பசங்கள சேத்துக்கினீங்களா? மூட்டை எங்க தோள்ல ஏறிச்சு, பேரு உங்க கல்வெட்டுல ஏறிச்சு. இப்போ எங்க கூலியிலேந்து புட்ச்சு உங்க மகமைனு பேரு வெக்கப் போறீங்களா?" என்று கேட்டான். என் பன்னிரண்டு கேள்விகளும் இந்த ஒன்றுக்கு முன்னால் ஒன்றுமில்லை. கல்வெட்டு என்ற சொல் எனக்கு எங்கே குத்தியிருக்கும் என்று நீயே நினைத்துப் பார். சேர்க்கவில்லை லோகநாதா, தப்புதான் என்றேன். உன் கூலியில் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது, உன் பங்கை நான் போடுவேன், ஒவ்வொரு ஆளின் பங்கையும் அவனவன் முதலாளி போட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மகமை என்ற பெயர் வேண்டாம் என்றேன். முன்வரிசையில் நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். லோகநாதன் விடவில்லை, "யாருக்குக் குடுக்கறது, யாருக்கு இல்லேன்றத பாக்கறதுக்கு கமிட்டி போடுவீங்க இல்ல, அதுல எங்க ஆளுங்க ரெண்டு பேரு குந்தணும். ஒத்துக்கினா வர்றோம்" என்றான். உன் மாமா ஒரு நொடிகூட யோசிக்காமல், எழுதிக்கோங்க என்று செயலாளரிடம் சொன்னார். அந்த இடத்தில் அந்த மனிதரை எனக்குப் பிடித்தது, இதை நீ அவரிடம் சொல்ல வேண்டாம்.

கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். ஐந்து மணிக்கு அறுபது, ஆறுக்கு நூறு, பிறகு நூற்றுப் பதினேழு. ஒன்றுதான் பாக்கி, ரகுபதி. அவன் ஏற்கெனவே தன் குடும்பத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறான், ஒரு உடம்புக்கு இரண்டு தடவை எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான், என் நோட்டீஸில் ஒன்பதாவது கேள்வி அது, நானே எழுதியது. அவன் போடாவிட்டால் மற்ற நூற்றுப் பதினேழும் குப்பை. நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், ரகுபதி, இரண்டாவது உன் உடம்புக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான், எதையாவது கண்டுகொண்டானா தெரியாது. பிறகு பேனாவைப் பிடுங்கி, "உம்ம மூஞ்சிக்காக இல்ல ஓய். மகமைக்கு வெளிய நின்னவன்னு பேரு வந்தா எம் பொண்ண எவனும் கெட்டிக்க மாட்டான்" என்று போட்டான். போட்டுவிட்டு, இனி என் கடைப் படி மிதிக்காதேயும் என்றும் சொல்லிவிட்டான். இவ்வளவு நாள் நான் பிறர்மேல் வைத்த கோபம்தான் எனக்குத் தெரியும், இப்போது ஒருவன் என்மேல் வைத்திருக்கிறான், அதைச் சம்பாதித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. நூற்றுப் பதினெட்டு! மார்ச் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, ஜெனிஷ் பையன் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். நீ சொன்ன முடிவு சரி, ராமசெல்வி. நீ சொன்ன காரணம்தான் தப்பு, ஜெர்மனிக்காரன் செய்கிறான் என்பது ஒரு காரணமா? இதை நேரில் வரும்போது விவாதிப்போம்.

வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். உன் அத்தை அதற்குள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "காசு வாங்குனீரான்னு ரகுபதி கேட்டும் வாயத் தொறக்காம நின்னியளாமே" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வைத்தியம் நடக்கதுக்கு முன்னால வாதம்லா நடக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். முப்பது வருடத்தில் நாங்கள் இருவரும் வாதம் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தது நேற்றுத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது உன்னால் ஆகவேண்டிய காரியம். ஏப்ரலில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று உன் மாமா டாக்டரிடம் பேசியிருக்கிறார். உலோக வால்வா, திசு வால்வா என்று குடும்பத்தார் யோசித்துச் சொல்ல வேண்டுமாம். ஒன்றுக்கு ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மற்றது பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்தால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். உன் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. நான் இரண்டு நாளாகக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டேன், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாதாட என்னால் முடியும், முடிவெடுக்கத்தான் முடியவில்லை. நீ தினமும் இதைப் பார்க்கிறவள். யோசித்து எழுது. நம் போனுக்கு அனுப்பாதே, நம் வீட்டு வாட்ஸ்அப்பை அவள்தான் முதலில் திறக்கிறாள், உன் மாமாவின் எண்ணுக்கு அனுப்பு, வேறு வழியில்லை. விடுப்பை இப்போதே எடுத்துவிட்டு ஓடி வராதே, ஏப்ரலுக்குச் சேர்த்து வை, நீ பக்கத்தில் இருந்தால் எனக்கும் தைரியம். ஞாயிற்றுக்கிழமை அவள் பேசும்போது ஒன்றும் தெரியாதவளைப் போலப் பேசு, அழுதுவிடாதே, சளி என்று சொன்னாலும் உன் குரலை அவள் கண்டுபிடித்துவிடுவாள். அழுகை வந்தால் போனை வைக்காதே, என்னிடம் கொடுக்கச் சொல், இந்த முறை வாங்கிக்கொள்கிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, அவித்த உருளைக்கிழங்கை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் அடுத்த வாரம் வருகிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் உன் கூடவே இருந்து காப்பாள், நீ நீண்ட ஆயுளோடும் குறையாத சுகத்தோடும் இருக்க வேண்டும் என்று இந்த அப்பா மனதார வாழ்த்துகிறேன். வால்வு விஷயத்தை மறந்துவிடாதே, இது கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும்.

முடிக்கும் முன் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். நேற்று விளக்குக்கு முன்னால் உன் அம்மா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். "தேதி குறிக்கித வரைக்கும் நீங்க செல்விக்கு இதப் பத்தி எழுதக் கூடாது, பிள்ளை அங்க ஒத்தையில கெடந்து அழும்" என்றாள், நானும் கையில் அடித்துக் கொடுத்தேன். கொடுத்த சத்தியத்தை மீறுகிறவன் இல்லை நான், உன்னைக் கேட்காமல் அவள் நெஞ்சில் எதை வைப்பது என்று முடிவு செய்யவும் என்னால் ஆகாது. காலையிலிருந்து நடந்து நடந்து யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. கையெழுத்துப் போட்டால்தான் ஒருவன் எழுதியதாக அர்த்தம், போடாவிட்டால் அது மொட்டைக் கடிதம், மொட்டைக் கடிதத்தை யாரும் எழுதுவதில்லை, அது தானாக வருகிறது. பின்னால் அவள் கேட்டால், கல்மண்டபத்திலிருந்து எவனோ ஒரு பொல்லாதவன் மொட்டைக் கடிதம் போட்டான் அம்மா என்று சொல், அவள் யார் என்று கண்டுபிடித்துவிடுவாள், ஆனால் நான் சத்தியம் தவறியதாக ஆகாது. ஆகவே வழக்கமாக உன் அன்புள்ள அப்பா என்று எழுதிக் கீழே கோடு இழுக்கிற இடத்தை வெறுமையாக விடுகிறேன், உறையின் பின்பக்கத்திலும் பெயர் எழுதவில்லை. தபால் எடுக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, கடையை லோகநாதனைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கையெழுத்தில்லாமலே இதைப் போட்டுவிட்டு வருகிறேன்.